ஏழாவது ஆள் காலஞ்சென்ற விதம்

குருநகரில் ஐந்து பேரை நான் ஒரே காலையில் சாகடித்திருக்கிறேன். ஒருவரை உயிர்ப்பித்தும் இருக்கிறேன். இதற்காக என்மீது எந்தப் பொலிஸ் முறைப்பாடும் இல்லை. கையில் கத்தி, பொல்லு எதுவும் இருக்கவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் மட்டும்தான் இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. இணுவிலில் இருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணம் டவுனுக்குப் போய், ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்தேன். (சிறிய என்றால், ஐந்து பேர், நான்கு கதிரை.) வேலை முடிந்த பிறகு சொந்தமாக ஒரு இணையத்தளம் செய்துகொண்டிருந்தேன். மரண அறிவித்தல் தளம். மற்ற ஊர்ப் பெடியன்கள் விளையாட்டுச் செயலி, சாப்பாட்டுச் செயலி என்று செய்தபோது எனக்கு மட்டும் ஏன் இந்த யோசனை வந்தது என்று அம்மா கேட்டார். நான் சந்தையைப் பற்றி நீண்ட விளக்கம் கொடுத்தேன். அம்மா விளக்கு வைக்கப் போய்விட்டார்.

விளக்கம் பிழையில்லை. எங்களுடைய குடும்பங்களில் சாவு இங்கே நடக்கும், பிள்ளைகள் லண்டனிலும் கனடாவிலும் இருப்பார்கள். அறிவித்தலுக்கு வேண்டிய பெயர்கள் வட்ஸ்அப்பில் துண்டு துண்டாக வரும். அச்சகத்துக்காரர் அதைக் கோர்ப்பதற்குள் ஒரு மருமகன் விடுபட்டுப் போவார். பிறகு அந்த மருமகன் செத்தவீட்டுக்கு வருவார், ஆனால் சாப்பிட மாட்டார். என் தளத்தில் குடும்பத்தார் எங்கே இருந்தாலும் போனிலேயே பெயர்களை நிரப்பலாம். நிரப்பியதும் அறிவித்தல் முழுதாகத் தயாராகும். ஒன்று அச்சகத்துக்கு, ஒன்று முகநூலுக்கு, ஒன்று ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவுக்கு.

யாழ்ப்பாணத்து மரண அறிவித்தலில் செத்தவரைப் பற்றி இரண்டு வரிதான் இருக்கும். மிச்சம் முழுக்கச் சொந்தக்காரர். இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு சகோதரரும், இன்னாரின் மைத்துனரும் என்று அது போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பட்டியலில் ஏற்கனவே இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடவேண்டும். உயிரோடு இருப்பவர்களுக்குப் போடக்கூடாது. இதைவிட எளிமையான விதி உலகத்தில் இல்லை. நூறு வருடமாக மனிதர்கள் அதைச் சரியாகச் செய்துவந்தார்கள். நான்தான் அதை மென்பொருளிடம் ஒப்படைத்தேன்.

ஒவ்வொரு பெயருக்கும் வலது பக்கத்தில் ‘காலஞ்சென்ற’ என்ற சொல்லைச் சின்னதாக, சாம்பல் நிறத்தில் வைத்தேன். அதை அமத்தினால் கறுப்பாகும்; ஆள் காலஞ்சென்றவர். இன்னொரு தரம் அமத்தினால் திரும்பச் சாம்பல் நிறமாகும், ஆள் இருக்கிறார். உண்மையில் அதை ஒரு பட்டனாகச் செய்திருக்க வேண்டும். பட்டன் போட்டால் வங்கிப் படிவம் மாதிரி இருக்கும், சாவுக்கு ஒரு மரியாதை வேண்டும் என்று நான் வெறும் எழுத்தாகவே விட்டேன். என் வாழ்க்கையில் மரியாதை பார்த்து நான் செய்த வேலைகளில் மிகவும் மோசமானது அதுதான்.

லப்டொப்பில் வேலை செய்தது. என்னுடைய அன்ரொயிட் போனிலும் வேலை செய்தது. மெலனியின் ஐபோனில் வேலை செய்யவில்லை.

மெலனி யார் என்று சொல்லவேண்டும். டவுனில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை. ஊர் குருநகர். வேதக்காரக் குடும்பம், ஞாயிறு தவறாத தேவாலயப் பூசை. நானோ இணுவில் கந்தசுவாமி கோயில் தேர் இழுத்து வளர்ந்தவன். எங்களுடைய விஷயம் இரண்டு வீட்டுக்கும் தெரிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. என் வீட்டில் அம்மா ஒருவிதமாகச் சமாதானமாகிவிட்டார். மெலனியின் தகப்பன் சவிரிமுத்து ஒரே ஒரு சொல்தான் சொல்லியிருந்தார். “பாப்பம்.” (எங்களூரில் ‘பாப்பம்’ என்பது ‘இல்லை’க்குப் பக்கத்து வீடு.) அவரை நான் படத்தில்கூடக் கண்டதில்லை. அவருக்குப் படம் எடுப்பது பிடிக்காது என்று மெலனி சொல்லியிருந்தாள்.

“அமத்திறன், ஒண்டும் நடக்குதில்லை” என்றாள் மெலனி, போனை என்னிடம் நீட்டி.

“வடிவா அமத்தும்.”

“வடிவாத்தான் அமத்திறன். உங்கடை ஆள் சாகிறார் இல்லை.”

நான்கு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். காரணம் இதுதான். ஒருவர் திரையை அமத்தினால் ‘கிளிக்’ என்று ஒரு செய்தி பிறக்கும். மற்றப் பிரௌசர்கள் அந்தச் செய்தியை எங்கே பிறந்தாலும் மேலிடம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். நான் மேலிடத்தில் இருந்துதான் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐபோன் பிரௌசர் அப்படி இல்லை. அமத்தப்பட்டது பட்டனா, வெறும் எழுத்தா என்று பார்க்கும். வெறும் எழுத்தென்றால், ‘இந்த மனுசன் சும்மா தடவுகிறார்’ என்று விட்டுவிடும். அதைப் பட்டன் என்று எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இன்றைக்கு இதை எழுதும்போது எனக்கு அது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு என் மூளையில் பெரிய மதிப்பு இருந்தது.

என் மூளை கண்டுபிடித்த வைத்தியம் ‘டச்-எண்ட்’. அது வேறொரு செய்தி. விரல் திரையை விட்டு எடுபட்டால் வரும். ஐபோன் என்றால் கிளிக்கை விட்டுவிடு, டச்-எண்ட் வந்தால் ஆளைக் காலஞ்சென்றவராக்கு என்று இரண்டு வரி எழுதினேன். மெலனியின் போனில் அமத்தினேன். ஆள் செத்தார். நாங்கள் இரண்டு பேரும் ஐஸ்கிரீம் குடிக்கப் போனோம்.

நான் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். விரல் எதற்காக வந்தது என்று டச்-எண்ட் கேட்காது. அமத்த வந்த விரலும் எடுபடும், பக்கத்தைத் தள்ள வந்த விரலும் எடுபடும். பட்டியலைக் கீழே பார்ப்பதற்காக ஒருவர் பெருவிரலை வைத்துத் தள்ளினால், அந்த விரல் முதலில் யாருடைய ‘காலஞ்சென்ற’வில் பட்டதோ, அவர் கதை முடிந்தது. இதை நான் ஏன் காணவில்லை என்றால், சோதனைக்கு நான் வைத்த பட்டியலில் மூன்று பேர்தான் இருந்தார்கள். மூன்று பேரும் ஒரே திரையில் அடங்கினார்கள். தள்ளிப் பார்க்கத் தேவையே வரவில்லை. யாழ்ப்பாணத்தில் மூன்றே மூன்று சொந்தக்காரரோடு செத்தவர் எவரும் இல்லை என்பது இருபத்தேழு வருடம் இங்கேயே வாழ்ந்த எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த கிழமை மெலனியின் பெரியப்பா மரியாம்பிள்ளை காலமானார். சவிரிமுத்துவின் மூத்த அண்ணன். நல்ல மனுசன், ஊரெல்லாம் சிரிப்புக்குப் பேர் போனவர். மெலனி அழுது முடித்துவிட்டு எனக்குப் போன் எடுத்தாள்.

“லண்டனிலை இருந்து றெஜி அண்ணை வாறார். அறிவித்தலை நீங்கள் செய்து குடுங்கோ. வடிவாச் செய்தா அப்பாவுக்கு உங்களிலை ஒரு நல்ல எண்ணம் வரும். அடுத்த மாதம் அவரைச் சந்திக்க வரேக்கை லேசாயிருக்கும்.”

அந்தக் குடும்பத்துக்குள் நான் நுழைய இருந்த ஒரே வாசல் அது. அந்த ‘பாப்பம்’ பக்கத்து வீட்டுக்கு இடம் மாறினால் என் கதை முடிந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தளத்தின் முகவரியை றெஜி அண்ணைக்கு உடனே அனுப்பினேன். அவர் மரியாம்பிள்ளையின் மகன். விமான நிலையத்தில் வரிசையில் நின்றபடி, ஒரு கையில் பயணப்பை, மறு கையில் ஐபோன், கண்ணில் கண்ணீர், இந்த நிலையில் நாற்பத்து மூன்று சொந்தக்காரரை நிரப்பினார். இறந்தவர்களுக்கு ஒவ்வொன்றாக அமத்திச் சரியாகத்தான் போட்டார். பிறகு எழுத்துப்பிழை பார்க்க வலது பெருவிரலால் ஒரு தரம் மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தார். ஒரு தள்ளுக்கு ஏழு பெயர் நகரும். ஏழாவது, பதினான்காவது, இருபத்தோராவது என்று ஒவ்வொரு ஏழாவது ஆளிலும் அவருடைய விரல் பட்டது. மொத்தம் ஆறு பேர். அதில் எலிசபெத் என்பவர் உண்மையாகவே பதினொரு வருடத்துக்கு முன்னர் இறந்தவர். கறுப்புச் சாம்பலாகி அவர் உயிர்த்தெழுந்தார்.

திரும்ப மேலே வரும்போது அதே விரலால் தள்ளியிருந்தாலாவது பாதிப் பேர் பிழைத்திருப்பார்கள். ஐபோன்காரர் அப்படிச் செய்யமாட்டார்கள். திரையின் உச்சியில் ஒரு தட்டுத் தட்டினால் அதுவாக மேலே போய்விடும். றெஜி அண்ணை தட்டினார், அனுப்பினார், விமானம் ஏறினார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஓட்டோ புறப்பட்டது. ஓட்டவும் வாசிக்கவும் றொபேட் அண்ணை. கூரையில் ஒலிபெருக்கி. அவருக்குச் சாவு வாசிப்பதற்கென்றே ஒரு குரல் இருந்தது. தேநீர் கேட்டாலும் அந்தக் குரலில்தான் கேட்பார். நான் பின் சீட்டில் இருந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. என் தளத்தின் முதல் அறிவித்தல் ஊரில் ஒலிக்கும்போது கூட இருக்கவேண்டும் என்று நானாக ஏறிக்கொண்டேன். பட்டியலை நான் கவனிக்கவில்லை. எத்தனை பேர் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்பார்த்ததை விட நிறையப் பேர் பார்த்திருந்தார்கள். தரத்துக்குக் கிடைத்த வரவேற்பு என்று நினைத்தேன்.

கடற்கரை வீதியில், வலை காயப்போட்டிருந்த இடத்தில், ஒரு மனிதர் கையைக் காட்டி ஓட்டோவை மறித்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சேட்டு, கறுத்த பட்டி குத்தியிருந்தது. முகம் நித்திரை இல்லாத முகம்.

“இன்னொருக்கா வாசியும்” என்றார்.

றொபேட் அண்ணை அவரைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார். பிறகு பேயைக் கண்டவர் மாதிரி மைக்கை என்னிடம் தந்துவிட்டு வீதியின் மறுபக்கத்தைப் பார்க்கத் தொடங்கினார். அந்த மனிதர் என் பக்கம் குனிந்தார்.

“தம்பி, உது ஆர் எழுதினது?”

“எங்கடை சிஸ்டம் ஐயா” என்றேன் பெருமையாக.

“சகோதரர் வரிசையிலை ரெண்டாவது ஆள். அவர் காலஞ்சென்றவரோ?”

நான் போனில் பார்த்தேன், பெயரை அல்ல, பக்கத்துச் சொல்லின் நிறத்தை மட்டும். “ஓம் ஐயா. காலஞ்சென்றவர்.”

“எப்ப?”

“அந்த விபரம் போடுறதில்லை ஐயா.”

“வடிவாத் தெரியுமோ?”

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். கடவுள் எனக்குக் கொடுத்த கடைசிச் சந்தர்ப்பம் அது.

“குடும்பத்தார் தந்த விபரம் ஐயா. சிஸ்டத்திலை பிழை வராது. சில வேளை உங்களுக்கு ஒருத்தரும் சொல்லாமல் விட்டிருப்பினம். செத்தவீட்டு அவசரத்திலை அப்பிடி நடக்கிறதுதான்.”

“ஓமோ” என்றார். “அந்த ஆளின்ரை பேரை ஒருக்கா வாசியும்.”

நான் வாசித்தேன். மைக் என் கையில் இருந்தது எனக்கு நினைவில்லை. “காலஞ்சென்ற சவிரிமுத்து” என்று குருநகர் முழுக்கக் கேட்டது.

அந்தப் பெயரை என் வாயாலேயே சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. வலை திருத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

“தெரிஞ்ச ஆளோ?” என்றார் அவர்.

“ஓம் ஐயா. அடுத்த மாதம் சந்திக்கிறதா இருந்தது.”

“இணுவில் பெடியனோ?”

“ஓம் ஐயா.”

“இனி அடுத்த மாதம் வரத் தேவையில்லை” என்றார் சவிரிமுத்து. “சந்திச்சாச்சு.”

பூமி பிளந்து உள்ளே போகவேண்டும் என்று எல்லாரும் எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓட்டோவை எடுத்துக்கொண்டு இணுவிலுக்குப் போய்விடவேண்டும் என்றுதான் தோன்றியது. மெலனியை இழந்துவிட்டேன் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பின் சீட்டிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. மைக் இன்னும் அணைக்கப்படவில்லை என்பதால் அதுவும் குருநகருக்குக் கேட்டது.

சவிரிமுத்து மைக்கை என் கையில் இருந்து வாங்கினார். தொண்டையைச் செருமினார். “நான் சவிரிமுத்து கதைக்கிறன்” என்றார். “நான் சாகேல்லை. அண்ணன்தான் செத்தவர்.” பிறகு மைக்கை அணைத்துவிட்டு, “அரக்கும்” என்று சொல்லி எனக்குப் பக்கத்தில் ஏறி இருந்தார். “வேறை ஆர் ஆரைச் சாக்காட்டினீர்?”

பட்டியலை இருவரும் சேர்ந்து பார்த்தோம். அவர் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார். “உவர் இருக்கிறார். உவவும் இருக்கிறா. எலிசபெத்தோ? அவ செத்துப் பதினொரு வருசம், அவவை ஏன் எழுப்பினீர்?” நான் திருத்தினேன். திருத்தினால் போதாது, செத்தவர்களின் வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லவேண்டும் என்றார். அண்ணன் வீட்டில் பெட்டிக்குள் இருக்கிறார், தம்பி ஓட்டோவில் என்னோடு வீடு வீடாக வருகிறார். அதை நினைக்க எனக்கு இன்னும் கூசுகிறது.

முதல் வீட்டில் ஞானம் அன்ரி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தான் காலஞ்சென்ற செய்தி அவருக்கு ஏற்கனவே வந்திருந்தது. கத்தியை வைக்காமலே கேட்டார்: “நான் செத்தா உதை ஆர் வெட்டுறது?” அடுத்த வீட்டில் அழுகைச் சத்தம். இருபது வருடமாகக் கோபத்தில் கதைக்காத தங்கச்சி, பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கனடாவில் இருந்து போன் எடுத்துக் கதறிக்கொண்டிருந்தார். செத்த அக்கா இந்தப் பக்கத்தில் இருந்து, “எடியே, நான்தான்டி கதைக்கிறன்” என்று கதறிக்கொண்டிருந்தார். நாங்கள் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டோம்.

கடைசியாக எலிசபெத்தின் கணவர் பெஞ்சமின் வீடு. மனைவி இறந்த பிறகு அவர் மறுமணம் செய்திருந்தார். என் தளத்தின்படி அவருக்கு இப்போது இரண்டு மனைவி, இரண்டும் உயிரோடு. இரண்டாவது மனைவி வாசலில் நின்றார்.

“அவ வாறாவோ, இல்லாட்டி நான் இருக்கவோ?” என்று கேட்டார், சிரிக்காமல்.

அந்த வார்த்தையோடு சவிரிமுத்து உடைந்தார். முதலில் இருமல் மாதிரித்தான் வந்தது. பிறகு படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே அழத் தொடங்கினார். “அண்ணன் இருந்திருந்தா” என்றார், “இண்டைக்கு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார்.” நான் அவருடைய தோளில் கை வைத்தேன். எந்தத் துணிவில் வைத்தேன் என்று தெரியவில்லை. அவர் தட்டிவிடவில்லை.

அன்றைய கணக்கைப் பார்த்தால், மெலனியின் சொந்தக்காரர்களை வீடு வீடாகப் போய்க் கண்டு முடிக்க இணுவில்காரன் ஒருவனுக்கு ஐந்து வருடமாவது ஆகும். நான் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டேன். ஒருவரும் என் முகத்தை மறக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்த பிறகு மெலனி தகப்பனிடம் கேட்டாள். அவர் சொன்ன பதிலை அவள் எனக்கு அப்படியே சொன்னாள். “உவன் என்னைச் சாக்காட்டிப் போட்டான். உதுக்கு மேலை இனி என்ன செய்யப் போறான்? வரச் சொல்லு.”

கலியாணம் நடந்தது. அழைப்பிதழின் அச்சுப்படியை மாமா என் கையில் தரவில்லை. தானே அச்சகத்தில் நின்று தன் பெயருக்கு முன்னால் ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் வந்தார். ‘காலஞ்சென்ற’ இப்போது பட்டனாக இருக்கிறது, வங்கிப் படிவம் மாதிரி; அன்ரொயிட், ஐபோன் இரண்டு போனிலும் அமத்திக் காட்டிய பிறகுதான் மாமா என்னை விட்டார். ஆனால் குருநகரில் யாராவது மாமாவைப் பார்த்துச் “சுகமா இருக்கிறியளோ?” என்று கேட்டால், அவர் சொல்லும் பதில் இன்றுவரை மாறவில்லை. “மருமோனைக் கேட்டுத்தான் சொல்லவேணும்.” என் பிள்ளைகளுக்கும் அது பாடமாகிவிட்டது. தாத்தா சாப்பிட்டாரா என்று கேட்டால்கூட என்னைத்தான் காட்டுகிறார்கள்.

போன வருடம் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். இரண்டு நாள் அவரிடம் கதை பேச்சில்லை. மெலனி செபமாலையும் கையுமாக இருந்தாள். நான் கந்தசுவாமியாரையும் அந்தோனியாரையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை வாட்டுக்கு வந்த டொக்டர் குனிந்து, “ஐயா, எப்பிடி இருக்கிறியள்?” என்று கேட்டார்.

மாமா கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. “மருமோனைக் கேளுங்கோ.”

டொக்டர் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது. “இருக்கிறார்” என்றேன்.

மாமா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“ரெண்டு போனிலையும் பாத்தனீரோ?” என்றார்.